ராய் ஹெஸ்கெத் காலத்து வண்டி யாரிடமாவது இன்னும் ஓடுகிறதா?

கிளேர்வுட்68

எல்லோருக்கும் வணக்கம். நான் இங்கே எழுதுகிறவன் இல்லை, வாசிப்பதோடு சரி. போன வாரம் மகன் வந்து டர்பன் சாட்ஸ்வொர்த் வீட்டுக் கராஜின் ஒழுகும் தகரத்தை மாற்றிக் கொடுத்தான். அதற்காக வண்டி மேலிருந்த தார்ப்பாயை எடுக்க வேண்டியதாயிற்று. முப்பது வருடத்துக்கு மேல் நான் அதை எடுத்ததே இல்லை.

உள்ளே இருப்பது ஆல்ஃபா ரோமியோ ஜிடி 1300 ஜூனியர், 1968 மாடல், வெள்ளை. நானும் என் அத்தை மகனும் பாதிப் பாதி பணம் போட்டு 1970ல் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. அப்போது எங்கள் வீடு கிளேர்வுட்டில். வாங்கிய அன்றே சிவ சுப்பிரமணியர் கோயிலுக்குக் கொண்டுபோய் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். என் அம்மாவுக்கு அதன் தாழ்ந்த கூரை பிடிக்கவில்லை, குனிந்து ஏறுவது சவப்பெட்டிக்குள் போவது மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கடைசி வரை அதில் ஏறவே இல்லை.

1290 சிசி தான். ஆனால் முழு அலுமினிய என்ஜின், மேலே இரட்டைக் கேம், ஐந்து கியர், நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் இருந்த வண்டிகளில் பாதிக்கு மூன்றாவது கியருக்கு மேல் போனாலே உடம்பு நடுங்கும். இது 6000 சுற்றில் பாடும்.

பின் சீட்டில் ஒரு பழைய புகையிலை டின் கிடைத்தது. உள்ளே அத்தை மகன் மடித்து வைத்த இரண்டு காகிதப் பொட்டலங்கள். அவன் தமிழ்ப் பள்ளியில் நாலு வருடம் படித்தவன், எழுத்து மணி மணியாக இருக்கும். ஒன்றில் 'கடல்' என்று எழுதியிருக்கிறது, உள்ளே நாலு ஜெட், கார்ப்ரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளைத் திருகு. இன்னொன்றில் 'மேடு'. அது காலி. எங்கேயோ விழுந்து தொலைந்திருக்க வேண்டும், சீட்டுக்கு அடியில் எல்லாம் தேடிப் பார்த்துவிட்டேன்.

எனக்கு இரண்டு கேள்வி. இவ்வளவு வருடம் நின்ற என்ஜினை எப்படி எழுப்புவது? அப்புறம், அந்தக் காலத்தில் வண்டி வைத்திருந்தவர்கள், மாரிட்ஸ்பர்க்கில் ராய் ஹெஸ்கெத் பாதையில் கார் பந்தயம் பார்த்தவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா?

வெபர்_சத்தம்

அண்ணே, முதல் விஷயம்: சாவியைத் தொடாதீர்கள். தயவுசெய்து. நான் மெரிபேங்கில் முப்பத்தெட்டு வருடம் ஸ்பேனர் பிடித்தவன். நின்ற என்ஜின்கள் நின்றதால் கெட்டதை விட, ஆசையில் சாவி திருப்பிக் கெட்டதுதான் அதிகம்.

நாலு பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு மேசைக்கரண்டி மெல்லிய எண்ணெய் விட்டு ஒரு வாரம் அப்படியே விடுங்கள். பிறகு கையால் திருப்புங்கள். ஸ்டார்ட்டரால் வேண்டாம். கிராங்க் நட்டில் நீளமான ஸ்பேனர் போட்டு மெதுவாக, முன்னும் பின்னும். அந்த என்ஜினில் லைனர்கள் தண்ணீருக்குள் தனியாக உட்கார்ந்திருக்கும், வற்புறுத்தினால் அடி சீல் போய்விடும், அப்புறம் ஆயிலில் தண்ணீர். டேங்கில் இருக்கும் பெட்ரோல் இப்போது பெட்ரோல் இல்லை, வார்னிஷ். டேங்கை இறக்கிக் கழுவ வேண்டும். ரப்பர் குழாய் அத்தனையும் மாற்ற வேண்டும், பார்க்க நன்றாக இருந்தாலும் சரி. கிளட்ச் தட்டு ஃப்ளைவீலோடு ஒட்டியிருக்கும். பிரேக்கைக் கடைசியாகப் பாருங்கள், ஆனால் வண்டி நகர்வதற்கு முன்னால் பாருங்கள்.

டர்பன் காற்றில் உப்பு இருக்கிறது, அதனால் கதவுக்கு அடியில் இருக்கும் பக்கவாட்டுத் தகரத்தையும் ஸ்பேர் வீல் குழியையும் ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் பேனல்பீட்டர் வேலை.

இரண்டாவது கேள்விக்கு: இருக்கிறேன் அண்ணே! என்னிடம் டாட்சன் 1200 இருந்தது. ஹெட்டை ஸ்கிம் செய்து, எக்ஸாஸ்ட் பிராஞ்ச் போட்டு, ஒரு சைட்டிராஃப்ட் வெபர் கார்ப்ரேட்டர் மாட்டி, மேக் வீல் நாலு. வெபரை பேலன்ஸ் பண்ண எங்களிடம் மீட்டர் ஏது? தோட்டத்துக் குழாயில் ஒரு முழம் வெட்டி, ஒரு முனையை காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு வாயிலும் வைத்துக் கேட்போம். இரண்டும் ஒரே மாதிரி சீறினால் சரி. இன்றைக்கும் என் இடது காதுக்குத்தான் நம்பிக்கை அதிகம், லேப்டாப் சொல்வது அப்புறம்.

நார்த்டேல்_மினி

நான் மாரிட்ஸ்பர்க் பெண். இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எனக்கு ராய் ஹெஸ்கெத் என்றால் முதலில் சத்தம். காற்று நம் பக்கம் வீசும் ஞாயிற்றுக்கிழமையில் அப்பா வீட்டு வாசலில் டீயோடு உட்கார்ந்து, இது இரட்டைக் கேம், இது வி8 என்று சொல்வார். அந்தப் பாதை 1953ல் வந்தது, போரில் இறந்த ஓர் உள்ளூர் பந்தய வீரர், விமானி, அவர் பெயரை வைத்தார்கள். ஜோஹானஸ்பர்க் பக்கத்து கயலாமியில் 9 மணி நேரப் பந்தயம் முடிந்ததும் வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார்கள் நம் ஊருக்கு 3 மணி நேரப் பந்தயத்துக்கு வரும். உலகத்தின் பெரிய டிரைவர்கள் நாங்கள் கத்தரிக்காய் வாங்கும் ஊரில்!

அப்பா அழைத்துப் போவார். நிறவெறிக் காலம், இந்தியர்கள் நமக்கென்று ஒதுக்கிய பக்கம் தனி. நிழல் இல்லாத பக்கம் அது, கழிப்பறை தூரம். அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார், ஆனால் டிக்கெட் வாங்கும்போது அவர் முகம் மாறுவதை நான் எட்டு வயதிலேயே கவனித்திருக்கிறேன். பாதையைப் பார்த்ததும் திரும்பவும் அவர் முகமாகிவிடும். 1973ல் வந்த ஷெவ்ரலே ஃபிரென்சா கேன்-ஆம் ஒன்று எங்கள் முன்னால் போனது நினைவிருக்கிறது. சின்ன உடம்பில் 5 லிட்டர் வி8. மொத்தமே 100 வண்டிதான் செய்தார்கள். தரை அதிர்ந்து, கையில் வைத்திருந்த எனாமல் தட்டில் அப்பளம் குதித்தது.

வீட்டில் மினி கூப்பர் எஸ். அதில் என்ஜின் குறுக்காக இருக்கும், டிஸ்ட்ரிப்யூட்டர் கிரில்லுக்கு நேர் பின்னால். நம் கோடை மழை எப்படிப் பெய்யும் என்று தெரியுமே. அதனால் அம்மாவின் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை எடுத்து, விரல் நுனிகளை வெட்டி, ஒவ்வொரு விரலிலும் ஒரு பிளக் ஒயரை விட்டு, டிஸ்ட்ரிப்யூட்டர் தலையில் மாட்டிவிடுவார் அப்பா. ஐந்து விரல், நாலு பிளக் ஒயர், நடுவில் ஒரு காயில் ஒயர். கணக்கு சரியாக வரும். அம்மா வருடத்துக்கு மூன்று ஜோடி வாங்குவாள்.

நானும் ஓட்டினேன். கரும்பு ஆலை முற்றத்தில் நம் ஆட்களே டிரம் வைத்து ஜிம்கானா நடத்துவார்கள், ஒவ்வொரு வண்டியாக, ஸ்டாப்வாட்ச் வைத்து. பத்தொன்பது வயதில் சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு போனேன். ஒரு டிரம்மும் விழவில்லை. மூன்றாவதாக வந்தேன், அதற்கு ஒரு கப் கொடுத்தார்கள், பால் காய்ச்சும் கப், இன்னும் சமையலறையில் இருக்கிறது.

கிளேர்வுட்68

தங்கச்சி, அந்தக் கையுறை விஷயம் படித்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். வெபர் தம்பிக்கும் நன்றி, எண்ணெய் விட்டிருக்கிறேன், ஒரு வாரம் காத்திருக்கிறேன். காத்திருக்கும் நேரத்தில் ஒன்று எழுதுகிறேன், கொஞ்சம் நீளம்.

1971 நவம்பர். கயலாமி 9 மணி நேரப் பந்தயத்துக்கு ஃபெராரி 312 பிபி வருகிறது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். ரெகாட்சோனி, ரெட்மேன் இருவரும் ஓட்டுகிறார்கள். போயே ஆக வேண்டும் என்று அத்தை மகன் சொல்லிவிட்டான்.

இளையவர்களுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். அப்போது டர்பன் இருக்கும் நேட்டால் மாகாணத்து இந்தியர், ஜோஹானஸ்பர்க் இருக்கும் டிரான்ஸ்வால் போக அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும், 1975 வரை அப்படித்தான். நடுவில் இருப்பது ஆரஞ்சு ஃபிரீ ஸ்டேட். அங்கே நாம் குடியிருக்கவே கூடாது என்று 1891லேயே சட்டம். கடந்து போகலாம், இரவு தங்கக் கூடாது. அந்தச் சட்டம் 1980களின் நடுவில்தான் போனது. ஆக, வான் ரீனன் கணவாய் ஏறி இறங்கியதும் ஹாரிஸ்மித், அதிலிருந்து வில்லியர்ஸ் பக்கத்து ஃபால் ஆற்றுப் பாலம் வரை சுமார் 150 கிலோமீட்டர், வண்டி நிற்கக் கூடாது. மற்றவர்களுக்கு வண்டி நின்றால் அது செலவு. நமக்கு அது வேறு விஷயம்.

அதனால்தான் எங்கள் காலத்து ஆட்கள் வண்டியை அப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்று நான் நினைக்கிறேன். பந்தய ஆசை பாதி. மீதிப் பாதி, இந்த வண்டி என்னைக் கைவிடாது என்று தெரிந்திருக்க வேண்டும் என்பது. ஒவ்வொரு நட்டும் யார் இறுக்கியது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கயலாமி கடல் மட்டத்துக்கு மேல் 1500 மீட்டர் உயரம். காற்று லேசு. டர்பனில் சரியாக இருக்கும் ஜெட் அங்கே பெட்ரோலை அதிகமாக ஊற்றும், பிளக் கரி பிடித்துவிடும். அதனால் சின்ன ஜெட் மாற்ற வேண்டும். அதை ஜோஹானஸ்பர்க்கில் மாற்றினால் போதும், எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். அத்தை மகன் லேடிஸ்மித்திலேயே நிறுத்தினான். அது இன்னும் நேட்டால். அங்கே ஒரு தெரிந்த கடைக்காரர் வீட்டு முற்றத்தில், வெபர் மூடியைத் திறந்து, நாலு ஜெட்டையும் மாற்றி, கழற்றியதை 'கடல்' பொட்டலத்தில் மடித்து வைத்தான். கரி பிடித்த பிளக்கோடு ஃபிரீ ஸ்டேட்டில் நிற்க நான் தயாரில்லை என்றான்.

ஆனாலும் நின்றது. ஹாரிஸ்மித் தாண்டி, வார்டன் வருவதற்கு முன்னால். சாயங்கால நேரம். இரண்டு பக்கமும் மக்காச்சோள வயல், ஒரு மரம் இல்லை. முதலில் இரண்டு தடவை இருமியது, அப்புறம் செத்தது. அந்த அமைதியை நான் மறக்கவே மாட்டேன், சூடான எக்ஸாஸ்ட் டிக் டிக் என்று ஆறும் சத்தம் மட்டும்.

அவன் ஓடவில்லை, கத்தவில்லை. பானெட்டைத் திறந்து டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியை எடுத்தான். பொறி வரவைக்கும் பாயின்ட்டைப் பிடித்திருக்கும் ஸ்குரூ தளர்ந்து இடைவெளி மூடிக்கொண்டிருந்தது. இடைவெளியை அளக்கும் கேஜ் பிளேடு பெட்டி பின்னால் சாமான்களுக்கு அடியில். தீப்பெட்டியைக் கிழித்து, அந்த அட்டையை இடையில் விட்டு, ஸ்குரூவை இறுக்கினான். அந்த நேரத்தில் பின்னால் போலீஸ் வேன் வந்து நின்றது. ஒரே ஒரு போலீஸ்காரர். சீட்டைக் கேட்டார், பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு டார்ச்சை எடுத்து டிஸ்ட்ரிப்யூட்டர் மேல் அடித்துக்கொண்டு நின்றார். உதவிக்காகப் பிடித்தாரா, நாங்கள் கிளம்புகிறோமா என்று பார்க்கப் பிடித்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. முதல் சுழற்சியிலேயே பிடித்துக்கொண்டது. ஃபால் பாலம் தாண்டும் வரை அந்த வேனின் விளக்கு எங்கள் கண்ணாடியில் இருந்தது போலவே இருந்தது.

மறுநாள் ஃபெராரி ஜெயித்தது. பன்னிரண்டு சிலிண்டர் சத்தத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை, கேட்டவர்களுக்குத் தெரியும். இருட்டிய பிறகு பிரேக் டிஸ்க் செந்தணலாக எரிவதைப் பார்த்தோம். ஆனால் அந்தப் பயணத்தில் எனக்கு முதலில் நினைவு வருவது ஒரு தீப்பெட்டி அட்டைதான்.

குஷேஷே_தம்பி

அங்கிள், இதை இரண்டு தடவை படித்தேன், மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். நான் டர்பன் ஃபீனிக்ஸ்காரன், 1984ல் பிறந்தவன். என்னிடம் பிஎம்டபிள்யூ 325ஐஎஸ், 2.7 லிட்டர் எவோ. என் பெயரிலேயே தெரியும், குஷேஷே என்று இங்கே அந்த பிஎம்டபிள்யூவைத்தான் சொல்வோம். எங்கள் தலைமுறைக்கு ஆல்ஃபா இல்லை, 'குரூப் N' கார் பந்தயத்தில் குஷேஷேவும் ஓபெல் சூப்பர்பாஸும் மோதியதுதான் எல்லாம். சாட்ஸ்வொர்த் சென்டரில் சனிக்கிழமை நின்றால் அந்த இரண்டு கட்சியும் இன்னும் சண்டை போடும்.

நான் ஓட்டிய முதல் பந்தயப் பாதை போர்ட் ஷெப்ஸ்டோன் பக்கத்து டெசி ரேஸ்வே. கேட்டில் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, ஹெல்மெட் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்கள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அன்று தோன்றவே இல்லை.

ஒரு கேள்வி. நீங்கள் யாராவது ராய் ஹெஸ்கெத்தில் ஓட்டினீர்களா? பார்க்க மட்டும்தானா?

நார்த்டேல்_மினி

ஓட்டினேன் தம்பி. ஆனால் பாதை மூடிய பிறகு.

1981ல் பந்தயம் நின்றுபோனது. அடுத்த வருடம் ஒரு ஞாயிறு, விடியும் நேரம், அப்பா என்னை எழுப்பினார். வேலியில் ஒரு இடம் திறந்திருந்தது. விரிசலில் எல்லாம் புல். டயர் சுவரில் யாரோ ஆடு கட்டியிருந்தார்கள். அப்பா முதலில் நடந்தே ஒரு சுற்று சுற்றி வந்தார், கண்ணாடித் துண்டு ஏதாவது கிடக்கிறதா என்று. பிறகு மினியில் மூன்று சுற்று. வேகமாக இல்லை. ஒவ்வொரு வளைவிலும் யார் எங்கே பிரேக் அடித்தார்கள், யார் எங்கே கவிழ்ந்தார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். இருபத்தைந்து வருடமாக ஒரே ஓர் இடத்திலிருந்து பார்த்த பாதையை அவர் முழுதாக மனப்பாடம் செய்து வைத்திருந்தார், அவர் பார்த்தே இராத வளைவுகளையும். நாலாவது சுற்று என்னிடம் கொடுத்தார்.

இப்போது அங்கே வீடுகள் வந்துவிட்டன.

இசிப்பிங்கோ_வாசகன்

எல்லோரும் இனிமையாக எழுதுகிறீர்கள். நான் ஒன்று சொல்ல வேண்டும், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நம் பையன்களுக்குப் பாதை இல்லை என்றதால் தெருவில் ஓட்டினார்கள். சவுத் கோஸ்ட் ரோட்டில், பீச்ஃபிரண்டில், ரோபோவில், அதாவது சிக்னலில், பச்சை விழும்போது. என் அண்ணன் 1978ல் அப்படித்தான் போனான். இருபத்திரண்டு வயது. ஃபோர்ட் எஸ்கார்ட் வண்டி. எதிரே வந்தவர்கள் ஆலையில் இரவு ஷிஃப்ட் முடித்து வந்த இரண்டு பேர், அவர்களில் ஒருவருக்குக் கால் போனது. என் அப்பா அந்த வீட்டுக்கு ஒவ்வொரு தீபாவளிக்கும் துணியும் பலகாரமும் கொண்டுபோவார், அவர் சாகும் வரை.

பழைய நாள் இனிமை என்று எழுதும்போது இதுவும் அதில் இருந்தது என்று ஒரு வரி வேண்டும். அவ்வளவுதான்.

வெபர்_சத்தம்

வேண்டும் தம்பி. நீங்கள் எழுதியது சரி. என் கராஜுக்கு வெள்ளிக்கிழமை டைமிங், அதாவது பொறி விழும் நேரம், வைக்க வந்து, திங்கட்கிழமை கயிறு கட்டி இழுத்து வந்த வண்டிகள் உண்டு. சில வண்டியை நான் தொட மறுத்திருக்க வேண்டும். நான் வைத்த டைமிங்கில் போனவன் ஒருவன் உண்டு, அவன் பெயரை நான் இங்கே எழுதமாட்டேன், ஆனால் ஒவ்வொரு புனித வெள்ளியும் உம்பிலோ கோயிலில் பூக்குழி இறங்கும் முன் அவனை நினைத்துக்கொள்கிறேன். குஷேஷே தம்பி, உங்கள் கூட்டாளிகளை எல்லாம் டெசிக்கு அழைத்துப் போங்கள். அந்த வாய்ப்பு எங்களுக்கு இல்லை.

லெனேசியா_வீடு

கிளேர்வுட் அண்ணா, டர்பனிலிருந்து பந்தயத்துக்கு வருகிறவர்கள் இரவு எங்கே படுத்தார்கள்? எங்கள் வீட்டில்! உங்களையே சொல்லவில்லை, உங்களை மாதிரி பத்துப் பன்னிரண்டு பேரை. ஜோஹானஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் எங்கள் முன்னறையில் பாய் விரித்தால் நடக்க இடம் இருக்காது. காலையில் ஆயா பெரிய குண்டானில் மட்டன் குழம்பு வைத்து, ரொட்டிக்குள் ஊற்றி, பேப்பரில் சுற்றி ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பார்கள். டர்பன் பன்னி சௌ மாதிரி இல்லை என்று குறை சொல்லிக்கொண்டே இரண்டு வாங்குவார்கள்.

எங்கள் சாப்பாட்டு மேசையில் வெபர் ஜெட் உருளும். ஒரு தடவை என் தம்பி ஒன்றை விழுங்கிவிட்டான் என்று பெரிய கலவரம், கடைசியில் அது சர்க்கரை டப்பாவில் இருந்தது.

திரும்பும்போது ஒரு விஷயம் கவனிப்பார்கள். அப்போது ஜோஹானஸ்பர்க் மேட்டில் விற்றது 93 ஆக்டேன் பெட்ரோல், கடற்கரையில் 97. மேட்டில் காற்று லேசு என்பதால் 93 போதும், டைமிங்கையும் கொஞ்சம் முன்னால் தள்ளலாம். அதே டைமிங்கோடு, டேங்கில் அதே 93 மீதி இருக்க, டர்பன் வரை இறங்கினால் என்ஜின் நாக் அடிக்க, உள்ளே தட்ட, ஆரம்பிக்கும். அதனால் மாரிட்ஸ்பர்க் வந்ததும் டேங்கை நிரப்பி, டிஸ்ட்ரிப்யூட்டரைப் பின்னால் திருப்பிவிட்டுத்தான் ஊர் போவார்கள்.

1973 எண்ணெய் நெருக்கடியில் வார இறுதியில் பம்ப் மூடிவிட்டார்கள், வேகம் 80க்கு மேல் போகக் கூடாது. 1974ல் 9 மணி நேரப் பந்தயமே 6 மணி நேரமாகச் சுருங்கியது. அந்த வருடம் எங்கள் முன்னறையில் மூன்று பாய்தான். ஆயாவுக்கு வருத்தம்.

கிளேர்வுட்68

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். மன்னிக்கவும், நிறைய வேலை.

ஓடியது.

எண்ணெய் விட்டு ஒன்பது நாள் வைத்தேன். மகன் ஸ்பேனரைப் பிடித்தான், நான் பிளக் ஓட்டையில் விரல் வைத்தேன். கால் சுற்று திரும்பியதும் என் விரலைக் காற்று தள்ளியது, அதற்கே எனக்குக் கண் நிறைந்துவிட்டது. டேங்க் கழுவினோம், குழாய் எல்லாம் மாற்றினோம், பிரேக் சிலிண்டர் நாலும் புதுசு. கிளட்ச், தம்பி சொன்ன மாதிரியே ஒட்டியிருந்தது. எனக்குக் கண்ணில் புரை, சின்னச் சாமான் தெரியாது. அதனால் கார்ப்ரேட்டர் இரண்டையும் பக்கத்து வீட்டுப் பையன் பிரித்து, ஊறவைத்துக் கழுவி, இருந்ததை இருந்த இடத்திலேயே மாட்டிக் கொடுத்தான். கெட்டிக்காரப் பையன்.

ஐடிலில் அழகாக நிற்கிறது. ஆனால் ரோட்டில் மிதித்தால், 3500 தாண்டும்போது கார்ப்ரேட்டர் வழியாகத் திருப்பித் தும்முகிறது. பட் பட் என்று. இழுவை இல்லை. வால்வு போய்விட்டதா?

வெபர்_சத்தம்

வால்வு இல்லை அண்ணே, வால்வு போனால் ஐடிலிலும் ஆடும். இது பெட்ரோல் போதாமல் வரும் தும்மல். ஐடில் ஜெட் வேறு, மிதிக்கும்போது வேலை செய்யும் மெயின் ஜெட் வேறு. ஐடில் சரியாக இருந்து மேலே தும்மினால் மெயின் ஜெட் பட்டினி போடுகிறது. இந்த மாதிரி மிதித்து ஓட்டாதீர்கள், வால்வும் பிஸ்டனும் சூடேறும்.

பம்ப் அழுத்தம், ஃப்ளோட் மட்டம் இரண்டும் பார்க்கலாம். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். உங்கள் முதல் பதிவை இப்போது மறுபடி படித்தேன். 'கடல்' பொட்டலத்தில் நாலு ஜெட் இருக்கிறது என்றீர்கள். 'மேடு' காலி.

அப்படியானால் வண்டிக்குள் இருப்பது எது? ஒரு ஜெட்டைக் கழற்றி, தலையில் குத்தியிருக்கும் எண்ணை பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

கிளேர்வுட்68

120.

பொட்டலத்தில் இருப்பது 130.

தம்பி, எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும். தொலைந்து போனது என்று ஆறு வாரமாகச் சீட்டுக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தேன்.

கடைசியாக அந்த வண்டி மேட்டுக்குப் போனது 1993 மார்ச். கயலாமியில் கிராண்ட் பிரீ. அதற்கு அப்புறம் அங்கே ஃபார்முலா 1 வரவே இல்லை. எனக்கும் அவனுக்கும் நாற்பதைத் தாண்டியிருந்தது, வீட்டில் வேறு வண்டிகள் இருந்தன, இருந்தாலும் இதில்தான் போக வேண்டும் என்றான். பாதையை மாற்றிவிட்டார்கள், பழைய நீண்ட நேர்ப்பாதை இல்லை. ப்ரோஸ்ட் ஜெயித்தார், சென்னா இரண்டாவது, கடைசியில் மழை.

போகும்போது வழக்கம்போல் லேடிஸ்மித்தில் ஜெட் மாற்றினான். இனி அவசியமே இல்லை, ஃபிரீ ஸ்டேட்டில் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம் என்று நான் சொன்னேன், கை பழகிவிட்டது என்றான். திரும்பும்போது ஹாரிஸ்மித்தில் இரவு தங்கினோம். வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, களைப்பும் இல்லை. தங்க வேண்டும் என்பதற்காகவே தங்கினோம். சின்ன ஹோட்டல், இரண்டு கட்டில், ஜன்னலுக்கு வெளியே வண்டி. அவன் நள்ளிரவு வரை ஜன்னல் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். தூங்கு என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு இருக்கிறேன் என்றான்.

காலையில் கணவாய் இறங்கும்போது நல்ல மழை, லேடிஸ்மித்தில் நிற்கவில்லை. மெதுவாக ஓட்டு, 3000 தாண்டாதே, ஞாயிற்றுக்கிழமை வந்து நான் மாற்றுகிறேன் என்றான். வியாழக்கிழமை வேலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். நான் வண்டியைச் செங்கல்லில் ஏற்றித் தார்ப்பாயைப் போட்டேன்.

நார்த்டேல்_மினி

அண்ணா, மாற்றப் போகிறீர்களா?

கிளேர்வுட்68

இரண்டு நாள் யோசித்தேன் தங்கச்சி. அவன் கையால் இறுக்கியது அது ஒன்றுதான் மிச்சம் என்று ஒரு பக்கம் மனசு. பையன் கழுவும்போது ஏற்கெனவே கழற்றி மாட்டிவிட்டான் என்பதும் தெரியும். அப்புறம் நினைத்துப் பார்த்தேன், பட்டினி ஜெட்டோடு இந்த என்ஜினை ஓட்ட அவன் விட்டிருப்பானா.

இன்று ஞாயிறு. காலையில் மாற்றினேன். கண்ணுக்குத் தெரியவில்லை, விரலாலேயே தடவி உட்கார வைத்தேன், பையன் டார்ச் பிடித்தான். பழைய மெயின் ரோட்டில் ஃபீல்ட்ஸ் ஹில் வரை போய் வந்தேன். மேட்டில் மூன்றாவது கியரில் மிதித்தேன், 5000 வரை ஒரு தும்மல் இல்லை. பிளக் நாலும் பிஸ்கட் நிறம், கலவை சரி.

120 நாலையும் துடைத்து, 'மேடு' காகிதத்தில் அவன் மடித்த மடிப்பிலேயே மடித்து, டின்னில் வைத்திருக்கிறேன். 'கடல்' காகிதம் இப்போது காலி.

வெபர்_சத்தம்

டைமிங்கும் மேட்டு டைமிங்காகத்தான் இருக்கும் அண்ணே. 95 ஆக்டேன் போட்டிருந்தாலும் ஒரு இரண்டு டிகிரி பின்னால் தள்ளுங்கள். சனிக்கிழமை நான் டைமிங் லைட் எடுத்துக்கொண்டு வருகிறேன், முகவரி தனிச் செய்தியில் அனுப்புங்கள்.